டியர்டிராப் கேம்பரில் கோளாறா? அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் வழி

டியர்டிராப் கேம்பர், காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் சின்ன வண்டி. 4 அல்லது 5 அடி அகலம், 8 முதல் 10 அடி நீளம். உள்ளே இரண்டு பேர் படுக்க இடம், பின்பக்கம் தூக்கித் திறக்கும் ஹேட்சுக்குள் ஒரு குட்டிச் சமையலறை, அவ்வளவுதான். தச்சு வேலையில் அனுபவம் இல்லாதவர்களும் பொறுமையாகச் செய்தால் முடித்துவிடலாம் என்பதுதான் இதன் பெரிய கவர்ச்சி. ஆனால் இந்தச் சின்ன உடம்புக்குள் மரவேலை, தகடு வேலை, மின்சாரம், சக்கரம், சமையல் வாயு என்று பல தொழில்கள் சேர்ந்திருக்கின்றன. ஒன்றில் பிசகினால் அறிகுறி இன்னொரு இடத்தில் தலைகாட்டும். கூரை நடுவில் நுழைந்த தண்ணீர் கதவோரம் சொட்டும். பின்பக்கம் ஏற்றிய தண்ணீர்க் கேன், முன்னால் போகும் காரின் ஸ்டியரிங்கை ஆட்டும்.

முதல் தடவை செய்கிறவர்கள் பெரும்பாலும் அறிகுறி தெரிந்த இடத்திலேயே கை வைக்கிறார்கள். சொட்டும் இடத்தில் சிலிகானைப் பிதுக்குகிறார்கள், சிக்கும் கதவை இழைக்கிறார்கள். இரண்டு வாரத்தில் அதே கோளாறு திரும்பி வரும், பிதுக்கிய சிலிகான் புதுத் தலைவலியாக நிற்கும். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் முதலில் ஒரு சோதனை சொல்கிறேன், அப்புறம்தான் பரிகாரம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது.

உயிருக்கு ஆபத்தானவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

காலையில் எழுந்தால் தலை வலிக்கிறது, மந்தமாக இருக்கிறது

இதைத் தூக்கக் கலக்கம் என்று தள்ளிவிடாதீர்கள். கேபினுக்குள் இருக்கும் காற்று சுமார் 3 கன மீட்டர்தான். இரண்டு பேர் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு எட்டு மணி நேரம் தூங்கினால் அந்தக் காற்று கெட்டுப் போகும். கூரை வென்ட்டைக் கொஞ்சம் திறந்து, தாழ்வாக இருக்கும் ஒரு ஜன்னலையும் விரலளவு திறந்து வைத்துத் தூங்கிப் பாருங்கள். மறுநாள் தலைவலி இல்லையென்றால் காரணம் அதுதான்.

கேபினுக்குள் அடுப்போ, எரிவாயு ஹீட்டரோ, கரியோ எரிந்திருந்தால் கதையே வேறு. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும். இதில் சோதனை செய்து பார்க்க ஒன்றுமில்லை. உடனே வெளியே வாருங்கள், மருத்துவ உதவி தேடுங்கள், அந்தச் சாதனத்தை இனி உள்ளே கொண்டுபோகாதீர்கள். குளிருக்காக அடுப்பைப் பற்ற வைத்துப் படுப்பதை எந்தச் சூழலிலும் செய்யக் கூடாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைப் படுக்கும் இடத்துக்கு அருகில், தயாரிப்பாளர் சொல்லும் உயரத்தில் மாட்டுங்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். அதனால் அதற்கான அலாரம் கீழேதான் இருக்க வேண்டும். வாயு மணம் வந்தால் சிலிண்டரை மூடி, காற்றோட்டம் கொடுத்த பிறகு, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வரும் இடம்தான் கசிவு.

ஓட்டும்போது கேம்பர் வால் ஆட்டுகிறது

கொஞ்சம் வேகம் எடுத்ததும் பின்னால் வரும் வண்டி இடமும் வலமும் அலையத் தொடங்கும். ஓட்டிக்கொண்டிருக்கும்போது வந்தால் திடீரென்று பிரேக் மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டாதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறைய விடுங்கள். வேகம் கூட்டினால் நேராகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பத்திரமாக நிறுத்திய பிறகு முதலில் சந்தேகப்பட வேண்டியது இழுகம்பியின் முனை எடை. டிரெய்லரின் கப்ளர், அதாவது இழுகம்பியின் நுனியில் இருக்கும் பூட்டு, காரின் பின்னால் இருக்கும் இணைப்புப் பந்து மேல் எவ்வளவு அழுத்துகிறது என்பதுதான் அது. வட அமெரிக்காவில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் என்று வைப்பார்கள். ஐரோப்பாவில் இதைவிடக் குறைவாக, 5 முதல் 7 சதவீதம் என்ற கணக்கு புழங்குகிறது. எந்தக் கணக்கானாலும் உங்கள் காரின் கையேடு சொல்லும் உச்ச வரம்பைத் தாண்டக் கூடாது.

அளப்பது எளிது. பயணத்துக்குக் கிளம்பும்போது இருக்கும் எல்லாச் சாமானையும் ஏற்றுங்கள். சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். குளியலறை எடைக்கருவி ஒன்றை வைத்து, அதன் மேல் மரக்கட்டை அடுக்கி, கப்ளர் வழக்கமாகப் பந்து இருக்கும் உயரத்திலேயே உட்காரும்படி இறக்குங்கள். மொத்த எடையை ஏதாவது எடைமேடையில் பார்த்துக்கொள்ளலாம். 450 கிலோ வண்டியில் முனை எடை 20 கிலோதான் என்றால் ஆட்டத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

டியர்டிராப்பில் இது அடிக்கடி நடப்பதற்குக் காரணம் அதன் அமைப்பு. சமையலறை பின்பக்கம். அடுப்பு, பாத்திரம், குளிர்ப்பெட்டி, தண்ணீர் என்று கனமான எல்லாமே அச்சுக்குப் பின்னால் போய்ச் சேர்கின்றன. காலி வண்டியாக ஓட்டிப் பார்த்தபோது நன்றாக ஓடியது, பயணத்தன்று ஆடுகிறது என்றால் இதுதான் விஷயம்.

பரிகாரத்தைக் கணக்குப் போட்டே செய்யலாம். நகர்த்தும் எடையை, நகர்த்தும் தூரத்தால் பெருக்கி, அச்சிலிருந்து பந்து வரையுள்ள தூரத்தால் வகுத்தால், முனை எடை எவ்வளவு கூடும் என்று வரும். பின்பக்கம் இருக்கும் 20 லிட்டர் தண்ணீர்க் கேனை 2.4 மீட்டர் முன்னால் கொண்டுவந்து வைத்தால், அச்சுக்கும் பந்துக்கும் 3 மீட்டர் இருக்கும் வண்டியில், 16 கிலோ கூடிவிடும். ஒரே ஒரு கேன்! பேட்டரியையும் கருவிப் பெட்டியையும் முன்னால் இழுகம்பி மேல் பொருத்துவதும் இதனால்தான். சாமானை நகர்த்தியும் போதவில்லை என்றால் அச்சைப் பின்னால் தள்ள வேண்டும். போல்ட்டில் பொருத்திய அச்சு என்றால் நீங்களே செய்யலாம். வெல்டிங் வைத்தது என்றால் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

நேர்மாறாக, காரின் பின்பக்கம் தாழ்ந்து, ஹெட்லைட் வானம் பார்த்து, ஸ்டியரிங் லேசாகத் தெரிந்தால் முனை எடை மிகுதி. சாமானைப் பின்னால் நகர்த்துங்கள்.

முனை எடை சரியாக இருந்தும் ஆடுகிறதா? டிரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள். சமமாகவோ, முன்பக்கம் ஒரு துளி தாழ்ந்தோ இருக்க வேண்டும். அப்புறம் டயர் காற்று, இடவல எடைச் சமன், கடைசியாக அச்சு கோணலாகப் பொருந்தியிருக்கிறதா என்பது. பந்தின் மையத்திலிருந்து அச்சின் இரு முனைகளுக்கும் டேப் பிடித்து அளந்தால் இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கப்ளரில் டக் டக் என்று சத்தம்

பந்தும் கப்ளரும் ஒரே அளவா என்று பாருங்கள். 2 அங்குலக் கப்ளர் 1⅞ அங்குலப் பந்தின் மேல் உட்கார்ந்து, பூட்டிக்கொண்டதுபோல் காட்டும். ஒரு பள்ளத்தில் குதித்தால் கழன்றுவிடும். பூட்டிய பிறகு முன் ஜாக்கியால் இழுகம்பியைத் தூக்கிப் பாருங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழும்ப வேண்டும். பந்து விட்டு வந்தால் ஓட்டாதீர்கள். பாதுகாப்புச் சங்கிலிகளைக் கப்ளருக்கு அடியில் குறுக்கே மாற்றிப் போடுங்கள். கழன்றாலும் இழுகம்பி தரையைக் குத்தாமல் அந்தப் பெருக்கல்குறி தாங்கும்.

சக்கரத்தின் நடுப்பகுதி கை வைக்க முடியாமல் சுடுகிறது

புது வண்டியில் முதல் 20, 30 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி இரண்டு ஹப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எடுத்த எடுப்பில் உள்ளங்கையை வைக்காமல் புறங்கையைக் கிட்டே கொண்டுபோய் உணருங்கள். இளஞ்சூடு சரி. ஒரு பக்கம் மட்டும் அதிகமாகச் சுட்டால் அந்தப் பேரிங்கில் கோளாறு. கிரீஸ் குறைவு, கிரீஸில் தண்ணீர், நடு நட்டை அளவுக்கு மீறி இறுக்கியது, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். வண்டியை ஜாக்கியில் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். சக்கரத்தைச் சுற்றியும் பாருங்கள். கரகரவென்று கேட்டால் பேரிங்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். டிரெய்லரைத் துண்டுகளாக வாங்கிப் பூட்டியவர்கள், உள்ளே உண்மையிலேயே கிரீஸ் அடைத்திருக்கிறதா என்று கழற்றிப் பார்த்துவிடுவது நல்லது. ஏற்றி அனுப்பும்போது துரு பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெயை மட்டும் நம்பி ஓட்டிவிடக் கூடாது.

சக்கர நட்டுகளை முதல் 80, 100 கிலோமீட்டருக்குப் பிறகு மறுபடி இறுக்குங்கள். நட்சத்திர வரிசையில், அதாவது எதிரெதிராக, முறுக்கு அளவுச் சாவி வைத்து.

டயர் தேய்மானமும் பேசும். இரு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் காற்று மிகுதி. ஒரே ஓரம் தேய்ந்தால் அச்சு வளைந்திருக்கிறது அல்லது பாரம் கூடிவிட்டது.

விளக்குகள் விசித்திரமாக எரிகின்றன

இடது இண்டிகேட்டர் போட்டால் எல்லா விளக்கும் மங்கலாகச் சேர்ந்து சிமிட்டுகின்றன, பிரேக் மிதித்தால் பின்விளக்கு அணைகிறது. இப்படிக் குழப்பமாக நடந்தால் முதலில் எர்த்தைப் பாருங்கள். மின்சாரம் திரும்பிப் போக ஒழுங்கான வழி இல்லாததால் மற்ற பல்புகள் வழியாகப் போகப் பார்க்கிறது.

சோதனை: ஒரு நீள வயரை எடுத்து, ஒரு முனையை விளக்கின் எர்த்திலும், மறுமுனையைக் கார் பேட்டரியின் மைனஸிலும் தொட வையுங்கள். விளக்குகள் ஒழுங்காகிவிட்டால் முடிவு தெரிந்துவிட்டது. பெயின்ட் அடித்த சேசிஸ் (அடிச்சட்டம்) மேல் திருகை முடுக்கியிருப்பீர்கள். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை கொண்டுவந்து, பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். கப்ளரும் பந்தும் தொடுவதை எர்த்தாக நம்ப வேண்டாம். பிளக்கிலிருந்து தனி எர்த் வயர் வர வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்றால் அந்தப் பக்க வயர். சேசிஸ் துளை வழியாகப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லாமல் உரசி அறுந்திருக்கலாம். எல்லாம் ஒரேயடியாகப் போனால் காரின் ஃபியூஸ். இண்டிகேட்டர் படபடவென்று வேகமாக அடித்தால் பல்பு போயிருக்கலாம், அல்லது எல்இடி விளக்கு குறைந்த மின்சாரமே இழுப்பதால் காரில் இண்டிகேட்டரைச் சிமிட்டவைக்கும் ரிலே, பல்பு போய்விட்டதாக நினைத்துக்கொள்கிறது.

உள்ளே ஈரம்

அதிகம் கெடுப்பதும், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். முதல் கேள்வி: மழை பெய்ததா, இல்லையா?

மழையில்லாத குளிர் இரவில் சுவரில் முத்து முத்தாகத் தண்ணீர், ஜன்னல் சட்டத்தில் ஓட்டம், மெத்தைக்கு அடியில் ஈரம் என்றால் அது ஒழுகல் அல்ல. உங்கள் மூச்சுதான். தூங்கும் ஒருவர் ஓர் இரவில் மூச்சிலும் தோலிலும் சில நூறு மில்லிலிட்டர் நீரை வெளிவிடுகிறார். இரண்டு பேர் என்றால் அரை லிட்டரைத் தொடும். அது குளிர்ந்த பரப்பில் போய் நீராகிறது. திருகுத் தலைகளில் மட்டும் சொட்டு நிற்கிறதா? அந்தத் திருகு வெளிக்குளிரை நேராக உள்ளே கொண்டுவருகிறது. வெளித் தகட்டிலிருந்து உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் உலோகத்தை எல்லாம் மூடி மறையுங்கள்.

இங்கே சீலண்ட் தேடிப் போவது நேர் எதிர்த் திசை. வண்டியை இன்னும் இறுக்கமாக அடைத்தால் ஈரம் கூடத்தான் செய்யும். தேவை காற்றோட்டம். மேலே வென்ட், கீழே ஜன்னல், இரண்டும் கொஞ்சம் திறந்திருக்க வேண்டும். மெத்தைக்கு அடியில் மரப்பட்டிகளோ வலைப்பாயோ போட்டுக் காற்று போக வழி விடுங்கள். சுவரிலும் கூரையிலும் 25 மி.மீ. அடர்த்தியான நுரைப்பலகை வைத்தால் உட்பரப்பு அவ்வளவு குளிராது, வியர்ப்பதும் குறையும்.

மழைக்குப் பிறகுதான் ஈரம் என்றால் ஒழுகல். நுழையும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு குழாயும் ஓர் ஆளும் போதும். ஒருவர் உள்ளே டார்ச்சோடு இருக்கட்டும். வெளியே இருப்பவர் கீழிருந்து தொடங்கித் தண்ணீர் விட வேண்டும். தரை இணைப்பு, அப்புறம் கதவின் அடி, கதவின் பக்கங்கள், ஜன்னல், ஓரப் பட்டி, ஹேட்ச் கீல், கடைசியாகக் கூரை வென்ட். ஒவ்வோர் இடத்திலும் ஐந்து பத்து நிமிடம். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லாவற்றின் மேலும் வழிந்து எதுவுமே தெரியாமல் போகும். இன்னொரு வழியும் உண்டு. வென்ட் வழியாக ஊதும் விசிறியால் உள்ளே காற்றை ஏற்றி, வெளியே இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஓட்டை உள்ள இடத்தில் நுரை பொங்கும். இரண்டு பேர் இல்லாதபோது இது கைகொடுக்கும்.

நுழையும் இடமும் சொட்டும் இடமும் ஒன்றாக இருக்காது என்பதை மறக்க வேண்டாம். கூரைக்குள் குறுக்குச் சட்டம் இருக்கிறது, தண்ணீர் அதன் மேல் பக்கவாட்டில் ஓடிச் சுவரோரம் இறங்கும். கதவுக்கு மேல் சொட்டினால் கதவின் மேல் பழி போடாமல், அதே சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஓரப் பட்டித் திருகுகளைப் பாருங்கள்.

இடம் தெரிந்துவிட்டால் மேலே பூசாதீர்கள். பட்டியையோ வென்ட்டையோ கழற்றி, பழையதைச் சுரண்டி, சுத்தமாகத் துடைத்து, அடியில் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் பட்டை) வைத்து மறுபடி முடுக்குங்கள். ஒரே மூச்சில் இறுக்க வேண்டாம். டேப் மெதுவாகப் பிதுங்கும். மறுநாள் இன்னும் கொஞ்சம் இறுக்கி, வெளியே வந்ததைப் பிளாஸ்டிக் தகடால் வெட்டி எடுங்கள். பிறகு ஓரத்தில் பாலியூரிதேன் சீலண்ட். ஒவ்வொரு திருகுத் துளைக்குள்ளும் ஒரு சொட்டு.

குளியலறைச் சிலிகானை வெளிப்புறத்தில் பயன்படுத்தவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதன் மேல் பெயின்ட் நிற்காது, வேறெந்தச் சீலண்டும் ஒட்டாது, அதே சிலிகானை மேலே வைத்தாலும் சரியாகப் பிடிக்காது. கழற்றும் நாளில் மணிக்கணக்கில் சுரண்ட வேண்டியிருக்கும். காடி மணம் வரும் வகை, உலோகத்தையும் அரிக்கும்.

மரத்தை நனைந்திருக்கும்போதே மூடக் கூடாது. குத்தூசியால் குத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் திறந்து போட்டு, விசிறி வைத்து, முழுதாகக் காய விடுங்கள். வாரக் கணக்கில் ஆகலாம். ஊசி மெத்தென்று இறங்கினால் மரம் மக்கத் தொடங்கிவிட்டது, அந்தத் துண்டை வெட்டி எடுத்து மாற்றுவதுதான் வழி. பிளைவுட்டின் வெட்டு ஓரங்கள்தான் தண்ணீரை அதிகம் குடிக்கும். ஜன்னல் வெட்டு, கதவு வெட்டு, வயர் துளை என எல்லா ஓரத்துக்கும் எபாக்சி இரண்டு மூன்று கை பூசிய பிறகுதான் எதையும் பொருத்த வேண்டும். தரையின் அடிப்பாகமும் அப்படியே. நனைந்த சாலையில் டயர் அடிக்கும் தண்ணீர் மழையைவிட மோசம்.

மழையே இல்லாமல் சமையலறையில் மட்டும் புழுதி படிந்தால் அதுவும் ஒழுகல்தான், காற்று ஒழுகல். ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, சுழலும் புழுதி இடுக்குகளில் ஏறிவிடும். ஹேட்சின் ரப்பர் பீடிங்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். பிடித்து இழுக்க வேண்டியிருந்தால் சரி. வழுக்கிக்கொண்டு வரும் இடத்தில் பீடிங் அழுந்தவில்லை.

ஹேட்ச் அதன் வளைவுக்குத் திரும்ப மறுக்கிறது

வளைந்த பின்பக்கத்தின் மேல் வைத்துச் செய்தபோது கச்சிதமாக இருந்தது. கழற்றி எடுத்ததும் விரிந்துகொண்டது. இப்போது மேலே கீல் பொருந்தினால் கீழே விரல் நுழையும் இடைவெளி. டியர்டிராப் செய்கிறவர்களை மனம் தளரவைக்கும் இடம் இது. ஆனால் காரணம் நேரடியானது. வளைத்த மெல்லிய பிளைவுட் நேராக நிமிரப் பார்க்கிறது, உள்ளே இருக்கும் விலாச் சட்டங்களுக்கு அதைத் தடுக்கும் வலு இல்லை.

இன்னும் செய்யவில்லை என்றால் வேலை சுலபம். விலாக்களை ஒரே பலகையில் வெட்டாமல், மெல்லிய பட்டிகளை அடுக்கி, பசை போட்டு, வளைவை நிஜ உருவத்தைவிட ஒரு துளி இறுக்கமாக வைத்துக் காய விடுங்கள். விலாக்களின் இரு பக்கமும் வரும் மெல்லிய பிளைவுட்டை, அதாவது வெளித்தோலையும் உள்தோலையும், ஹேட்ச் வண்டியின் மேலேயே பட்டையால் கட்டப்பட்டிருக்கும்போது ஒட்ட வேண்டும். இரண்டு பக்கமும் தோல் ஒட்டி, நடுவில் விலாவும் நுரைப்பலகையும் சேர்ந்துவிட்டால் அது ஒரே பெட்டியாகி வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். பசை முழுதாக இறுகும்வரை பட்டைகளை அவிழ்க்கக் கூடாது. அவசரம் காட்ட வேண்டிய இடம் இதுவல்ல.

ஏற்கெனவே விரிந்துவிட்டது என்றால், உள்தோல் இன்னும் போடவில்லை என்ற வரையில் காப்பாற்றலாம். ஹேட்சை வண்டி மேல் வைத்து, பட்டையால் இழுத்துச் சரியான வளைவுக்குக் கொண்டுவந்து, அப்படியே வைத்து உள்தோலை ஒட்டுங்கள். உள்தோலும் போட்டுவிட்டீர்களா? இடைவெளி சிறிது என்றால் தடிமனான பீடிங்கும், இரு பக்கமும் இழுத்துப் பூட்டும் கொக்கிகளும் சமாளிக்கும். பெரிது என்றால் உள்தோலைப் பிரித்து மறுபடி ஒட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஒரு மூலை மட்டும் தூக்கி நின்றால் அது முறுக்கல். பெரும்பாலும் தூக்கிப் பிடிக்கும் கேஸ் ஸ்டிரட்டின் வேலை. ஒன்று மற்றதைவிட வலுவாகவோ, இரு பக்கமும் ஒரே உயரத்தில் இல்லாமலோ இருக்கும். ஸ்டிரட்டுகளைக் கழற்றிவிட்டு மூடிப் பாருங்கள். மூலை உட்கார்ந்துவிட்டால் காரணம் அதுவே. தகடு, பெயின்ட், விளக்கு எல்லாம் ஏறிய பிறகு ஹேட்சை எடைபோட்டு, அப்புறம்தான் ஸ்டிரட்டின் வலுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கதவு சிக்குகிறது

எப்போது சிக்குகிறது என்பதுதான் விடை. கூடாரம் போட்ட இடத்தில் மட்டும் சிக்கினால் வண்டி முறுக்கிக்கொண்டு நிற்கிறது. மூலையில் இருக்கும் தாங்கு ஜாக்கிகள் வண்டி ஆடாமல் இருக்கத்தான், தூக்குவதற்கு அல்ல. அவற்றைத் தளர்த்தி, சக்கரத்துக்கு அடியில் பலகை வைத்து ரசமட்டம் பார்த்துச் சமன் செய்த பிறகு மெதுவாகத் தொட வையுங்கள். மழைக்காலத்தில் மட்டும் சிக்கினால் கதவின் ஓரம் பூசப்படாமல் தண்ணீர் குடித்து ஊதியிருக்கிறது. காய்ந்த பின் பூசுங்கள், ஊதியிருக்கும்போது இழைக்காதீர்கள். முதல் நாளிலிருந்தே சிக்கினால் இடைவெளி போதவில்லை. சுவரில் வெட்டிய துண்டையே கதவாக்கினால் ரம்பத்தின் தடிமன் அளவுதான் இடைவெளி கிடைக்கும், பெயின்டும் தகடும் ஏறியதும் அதுவும் போய்விடும். சுற்றிலும் 4, 5 மி.மீ. வேண்டும்.

கூரைக்கு வளைக்கும்போது பிளைவுட் வெடிக்கிறது

3 மி.மீ. பிளைவுட்கூட எல்லாத் திசையிலும் ஒரேபோல் வளையாது. மேல்தாளின் நார் வளைவின் போக்கிலேயே ஓடினால் முரண்டு பிடிக்கும். வளைவுக்குக் குறுக்கே, அதாவது வண்டியின் இடமிருந்து வலமாக ஓடினால் எளிதாக வளையும். 8 அடிப் பலகையை அப்படியே நீளவாக்கில் போர்த்தும்போது நார் தவறான திசையில் அமைந்துவிடுகிறது. இறுக்கமான வளைவு உள்ள இடத்தில் மட்டும் பலகையைத் திருப்பி, துண்டாக வெட்டி, இணைப்பு ஒரு சட்டத்தின் மேல் வரும்படி வையுங்கள். வளைப்பதற்கென்றே வரும் பிளைவுட்டும் கிடைக்கிறது. வெந்நீரில் நனைத்த துணியைப் போர்த்தி, பட்டையால் மெதுவாக இழுத்து, ஒரு நாள் அப்படியே விட்டு, காய்ந்த பிறகு ஒட்டுவதும் நல்ல வழி. வளைவான இடத்தில் குறுக்குச் சட்டங்களை நெருக்கி வைக்காவிட்டால் வளைவு பட்டை பட்டையாக முறிந்து தெரியும்.

அலுமினியத் தகடு வெயிலில் உப்புகிறது

காலையில் தட்டையாக இருந்து மதியம் அலையாக எழும்பினால் தகட்டில் குற்றமில்லை. அலுமினியம் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி செல்சியசுக்கு, சுமார் 0.024 மி.மீ. நீள்கிறது. 2.4 மீட்டர் தகடு 40 டிகிரி சூடேறினால் 2 மி.மீ.க்கு மேல் வளரும். நாலு பக்கமும் இறுக்கியிருந்தால் அது மேலே எழும்புவதைத் தவிர வேறென்ன செய்யும்? ஒரு முனையின் திருகுகளைக் கழற்றி, தகட்டில் உள்ள துளைகளைத் திருகைவிடப் பெரிதாக்கி, ஓரப் பட்டி மட்டும் அழுத்திப் பிடிக்கும்படி விடுங்கள். முழுப் பரப்புக்கும் பசை போட்டு ஒட்டியிருந்தால் உப்பிய இடத்தை ஊசியால் குத்தி அழுத்துவதெல்லாம் நிற்காது. அலையோடு ஓட்டுவது தப்பில்லை, ஒழுகாத வரை அது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமே.

பேட்டரி நிறைந்திருந்தும் ஃபிரிட்ஜ் நின்றுபோகிறது

மல்டிமீட்டரால் இரண்டு இடத்தில் அளங்கள்: பேட்டரி முனையில் ஒன்று, ஃபிரிட்ஜின் சாக்கெட்டில் ஒன்று. கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும், ஓடாதபோது அளந்தால் இரண்டும் ஒன்றாகத்தான் காட்டும். அரை வோல்ட் வித்தியாசம் இருந்தால் வயர் மெலிது. 5 ஆம்பியர் இழுக்கும் ஃபிரிட்ஜுக்கு 5 மீட்டர் தொலைவுக்கு 1.5 சதுர மி.மீ. வயர் போட்டால், போகவர 10 மீட்டரில் கிட்டத்தட்ட 0.6 வோல்ட் வயரிலேயே தொலைந்துபோகும். ஃபிரிட்ஜ் பேட்டரி காலி என்று நினைத்துத் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். அதே தூரத்துக்கு 6 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.15 வோல்ட்தான்.

இரண்டு அளவும் ஒன்றாக, ஆனால் தாழ்வாக இருந்தால் பேட்டரிதான் இறங்கியிருக்கிறது. லெட் ஆசிட் பேட்டரி ஓய்வில் 12.7 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.1 பக்கம் வந்தால் பாதி. அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும். எனவே 100 ஆம்பியர் மணி என்று எழுதியிருந்தால் 50தான் உங்களுடையது என்று கணக்கு வையுங்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றால் 80, 90 வரை எடுக்கலாம். எந்த வகையானாலும் பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். நடுவழியில் வயர் உரசினால் தீப்பிடிக்காமல் காப்பது அந்த ஃபியூஸ்தான்.

வோல்ட் எல்லாம் சரியாக இருந்தும் மதியத்தில் மட்டும் ஃபிரிட்ஜ் திணறினால், அது நிற்கும் அலமாரியைப் பாருங்கள். கம்ப்ரசர் வெளிவிடும் சூட்டுக்கு வழியில்லாமல் அடைத்து வைத்திருப்பீர்கள். கீழே ஒரு காற்றுத் துளை, மேலே ஒரு காற்றுத் துளை போட்டு, சூடு வெளியேறும் துளை மெத்தைப் பக்கம் வராமல் சமையலறைப் பக்கமே திறக்கும்படி வையுங்கள்.